கன்னங்கராவும் இலவசக் கல்வியும்

இலங்கையிலே டொனமூர் அரசியற்றிட்டம் நிலவிய 1931ஆம் ஆண்டு முதல் 1947ஆம் ஆண்டு வரையான பதினாறு ஆண்டுகளிலும் துறை மாறாது அமைச்சுப் பதவி வகித்தோர் இருவர். ஒருவர் விவசாய மந்திரியாக இருந்த டி. எஸ். சேனாநாயக்கா, மற்றவர் கல்வி மந்திரியாக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. 1947ஆம் ஆண்டுத் தேர்தலின் பின் முன்னவர் நாட்டின் முதற் பிரதம மந்திரியானார். பின்னவரோ அத்தேர்தலிலே தம் ஆசனத்தையே இழந்தார். நாடெங்கும் பிள்ளைகள் சம்பளமின்றிப் பள்ளிக்கூடஞ் செல்லத் தொடங்கி அப்பொழுது இரண்டு ஆண்டுகள் நிறையவில்லை.

கன்னங்கராவை இலவசக் கல்வியின் தந்தை என வழங்குதல் மரபு. அவ்வழக்குத் தவறன்று. ஆயினும் ஒருவரது வாழ்நாட்பணி முழுவதையும் ஒரு தொடருக்குள் அடக்கிவிடும்போது, அப்பணிக்கு எதிர்நின்றவை எவை, அதன் பொருட்டுப் பிறர் விட்டுக்கொடுத்தவை எவை, அவர் வேண்டியவற்றுள் நாடு ஏற்காது ஒதுக்கியவை எவை என்பன கண்ணுக்குப் புலப்படாது போகின்றன. இம்மூன்றையும் நோக்காது அவரை மதிப்பிடுதல் இயலாது.

கிறிஸ்தோப்பர் வில்லியம் விஜயக்கோன் கன்னங்கரா 1884ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 13ஆம் நாள் தென்னிலங்கையின் அம்பலாங்கொடைப் பகுதியிலே பிறந்தார். அவ்வூர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்கும் காலத்தில் அவரது திறமை காலி றிச்மண்ட் கல்லூரி அதிபர் தாரெல் பாதிரியாரின் கண்ணிற் பட்டது. தாரெல் வழங்கிய புலமைப் பரிசிலே அக்கிராமத்துச் சிறுவனுக்கு ஆங்கிலக் கல்லூரியின் வாயிலைத் திறந்துவிட்டது. கணிதத்திலே கெட்டிக்காரராகவும் விளையாட்டிலே முன்னிற்பவராகவும் விளங்கிய அவர், கல்வி முடித்த பின் சில காலம் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்பு சட்டங் கற்று 1910ஆம் ஆண்டிலே வழக்கறிஞரானார். பிற்காலத்தில் மத்திய மகா வித்தியாலயங்களை நிறுவி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புலமைப் பரிசில் ஏற்படுத்தியவர் தாமும் ஒரு புலமைப் பரிசிலாலே ஆளானவர் என்பது கருதத்தக்கது.

காலியிலே தொழில் நடத்திய இளம் வழக்கறிஞரை அரசியல் விரைவில் ஈர்த்தது. படித்த இலங்கையரின் பிரதிநிதியொருவரைச் சட்ட நிரூபண சபைக்குத் தெரியும் தேர்தல் 1911ஆம் ஆண்டில் நிகழ்ந்தபோது, சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கு ஆதரவு தேடிய தென்னிலங்கையருள் கன்னங்கராவும் ஒருவர். சிங்கள வாக்காளர் பலர் ஒரு தமிழரைத் தம் தலைவராகத் தெரிந்த காலம் அது. 1915ஆம் ஆண்டுக் கலகத்தின் பின் இராணுவச் சட்டத்தின் கீழ்க் குற்றஞ் சாட்டப்பட்டோருக்காக அவர் வழக்காடினார். 1923ஆம் ஆண்டிலே தென் மாகாணத்தின் சார்பிற் சட்ட நிரூபண சபை புகுந்தார். 1931ஆம் ஆண்டிலே சர்வசன வாக்குரிமையின் கீழ் முதன்முதல் நிகழ்ந்த தேர்தலிற் காலித் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

டொனமூர் முறையிலே அமைச்சர் என்னும் சொல்லுக்கு இன்றுள்ள பொருள் இருந்ததில்லை. அரசாங்க சபை உறுப்பினர் ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்தனர். ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தானே தெரிந்தது. அத்தலைவரே அத்துறையின் மந்திரி. நிதி, சட்டம், பொதுச் சேவை ஆகியன ஆங்கில உத்தியோகத்தர் மூவர் கையில் இருந்தன. ஆகவே ஒரு மந்திரி தம் குழுவினரை இணக்கி, பின்பு ஏனைய மந்திரிமாரை இணக்கி, நிதிக் காரியதரிசியின் தடைகளைக் கடந்து, இறுதியிலே சபை முழுவதையும் இணக்கினாலன்றி எதனையும் நிறைவேற்ற முடியாது. அம்முறையை வலுவற்றது எனப் பலரும் பழித்தனர். ஆயினும் கல்வித் துறையைப் பொறுத்தவரையில் அதற்கு ஒரு நன்மை இருந்தது. கட்சி ஒழுங்கு இன்மையால் எக்கருத்தையும் வெளிப்படையாக விவாதித்தே தீரவேண்டியிருந்தது. பொறுமையுள்ளவர் அதில் வெல்லவும் கூடியதாயிற்று. கன்னங்கராவிடம் பொறுமை நிறைய இருந்தது.

அவர் பொறுப்பேற்ற நாளிலே நாட்டில் இருவகைப் பாடசாலைகள் இருந்தன. சிங்களமும் தமிழும் கற்பித்த சுயபாஷைப் பாடசாலைகளிற் சம்பளமில்லை. ஆனால் அவற்றிற் கற்றோருக்கு ஆசிரியத் தொழிலும் சிறு உத்தியோகமும் ஒழிய வேறு கதியில்லை. ஆங்கிலப் பாடசாலைகளிலே சம்பளம் உண்டு. அவற்றிற் கற்றோருக்கே அரசாங்க உத்தியோகம், சட்டம், வைத்தியம், சர்வகலாசாலை யாவும் உரியனவாயின. எவன் எப்பள்ளியிற் கற்பது என்பதைத் தீர்மானித்தது பெரும்பாலும் தந்தையின் மடிப்பணமே. ஒரே ஊரில் அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகள் இருவர், ஏழு வயதிலே வெவ்வேறு வாழ்க்கைகளுக்குப் பிரிந்து போயினர்.

இந்நிலையை ஒரே வீச்சில் மாற்றிவிட அவர் முயன்றாரல்லர். 1932ஆம் ஆண்டளவிற் கண்டிப் பகுதியின் ஹந்தெஸ்ஸவிலே தொடங்கிய கிராமக் கல்வித் திட்டம், பாடத்தைப் பயிர்ச்செய்கையோடும் கைத்தொழிலோடும் ஊர்ச் சுகாதாரத்தோடும் பிணைக்க முயன்றது. 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் மிஷன் சார்பினர் செல்வாக்குற்றிருந்த பழைய கல்விச் சபையின் அதிகாரத்தைக் குறைத்து, கொள்கை வகுக்கும் பொறுப்பை மக்களின் பிரதிநிதிகளிடம் சேர்த்தது. கிராமப் பகுதிகளிலே ஆய்வுகூடமும் விடுதியும் உடைய மத்திய மகா வித்தியாலயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அவர் பதவி நீங்கும்போது அவற்றின் தொகை 54. தீவகத்திலே வேலணையும் மட்டக்களப்பிலே வந்தாறுமூலையும் இவ்வகையான் மத்திய கல்லூரி பெற்றன.

இவ்விடத்தே ஒரு கசப்பான செய்தியையும் கூறல் வேண்டும். 1931ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் பகிஷ்காரத்தினால் வடபகுதியின் நான்கு தொகுதிகள் வெறுமையாயின. அவற்றுக்கு உறுப்பினர் வந்தது 1934ஆம் ஆண்டு இடைத்தேர்தல்களின் பின்னரே. கல்வி நிருவாகக் குழு தன் வழக்கங்களை அமைத்துக்கொண்ட தொடக்க ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தின் குரல் அங்கே இல்லை. அடுத்து 1936ஆம் ஆண்டிலே, ஏழு குழுக்களிலும் பெரும்பான்மை கிடைக்கும் வண்ணம் உறுப்பினரைப் பகிர்ந்து, சிங்களவர் மாத்திரமே கொண்ட மந்திரிசபை அமைக்கப்பட்டது. அச்சபையிற் கன்னங்கராவும் ஒருவர். 1942ஆம் ஆண்டில் ஏ. மகாதேவா உள்நாட்டு மந்திரியாகும் வரை அந்நிலை நீடித்தது. அம்மந்திரிசபை தமிழர் உள்ளத்தில் விளைத்த ஐயம் அவர் கொணர்ந்த கல்வித் திட்டத்தின் மீதும் நிழலிட்டது. சிங்களப் பகுதிகளுக்கே கல்விப் பணம் மிகுதியாகச் செல்கின்றது என்னும் முறைப்பாடு சோல்பரி ஆணைக்குழுவின் முன்னும் எழுந்தது. வடக்கிலே மிஷனாரும் சைவரும் முன்னரே பாடசாலைகளை நிறைய நிறுவியிருந்தமையால் அரசாங்கம் அங்கே புதியன கட்டவேண்டிய தேவை குறைந்தது என்பது அதற்குச் சொல்லப்படக்கூடிய சமாதானம். சமாதானம் உண்மையாயினும், தம் கைப்பொருளாற் கட்டியவர்க்கு அது முற்றும் ஆறுதலாகாது.

1940ஆம் ஆண்டிலே கன்னங்கராவைத் தலைவராகக் கொண்டு கல்வி பற்றிய விசேட குழு அமைந்தது. அதன் அறிக்கை 1943ஆம் ஆண்டில் வெளிவந்தது. சர்வகலாசாலையின் தலைவர் ஐவர் ஜெனிங்ஸ், கொழும்புப் புனித சூசையப்பர் கல்லூரி அதிபர் பீற்றர் பிள்ளை அடிகளார் முதலியோர் அக்குழுவில் இருந்தனர். கட்டணம் முற்றாக ஒழிய வேண்டும் என அக்குழுவினுள்ளே வற்புறுத்தியோருள் தும்பறைப் பிரதிநிதி ஏ. ரத்நாயக்கா முன்னின்றார். புகழ் முழுவதும் ஒருவருக்கே செல்லுதல் அரசியலின் இயல்பு. வரலாறு ரத்நாயக்காவின் பெயரையும் உடன் குறித்தல் முறை.

அவ்வறிக்கையின் தலையாய விதப்புரைகள் மூன்று. பாலர் வகுப்பு முதற் சர்வகலாசாலை வரை கல்வி கட்டணமின்றி வழங்கப்படல் வேண்டும் என்பது ஒன்று. ஆரம்பக் கல்வி தாய்மொழியிலே நிகழ வேண்டும், ஆங்கிலம் எல்லாப் பாடசாலைகளிலும் இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப்பட வேண்டும் என்பது மற்றொன்று. மூன்றாவது இக்காலத்திற் பெரிதும் மறக்கப்பட்டது. ஐந்தாம் வகுப்பின் முடிவிலே பிள்ளைகளைத் தேர்ந்து, ஏட்டுக் கல்விக்குரிய இடைநிலைப் பாடசாலை, அதனோடு தொழிலும் கற்பிக்கும் சிரேட்ட பாடசாலை, தொழிலையே முதன்மையாகக் கொண்ட செயன்முறைப் பாடசாலை என மூன்று வழிகளில் விடவேண்டும் என்பதே அது.

அறிக்கை சபைக்கு வந்தது 1944ஆம் ஆண்டு மே மாதத்தில். அதன் பின் விவாதம் பல முறை தள்ளிப்போயிற்று. எதிர்த்தோர் எல்லாரையும் செல்வத்தின் காவலர் எனத் தள்ளிவிடுதல் நேர்மையன்று. போர்க்காலத்திலே றப்பர் முதலிய ஏற்றுமதிகளாற் பெருகிய வருமானம் நிலையாதது, நிலையாத வருமானத்தின் மேல் நிலையான செலவைக் கட்டலாமோ என வினவியோர் இருந்தனர், அவ்வினா அறிவுடையது. சமயப் பாடசாலைகளின் சார்பிலே பீற்றர் பிள்ளை அடிகளார் எழுப்பிய வாதம் இன்னும் ஆழமானது. பிள்ளைக்கு எத்தகைய கல்வி வேண்டும் எனத் தீர்மானிக்கும் உரிமை பெற்றாருக்கே உரியது. சம்பளத்தை ஒழித்து ஆசிரியர் வேதனம் முழுவதையும் அரசாங்கமே கொடுக்குமாயின், பாடசாலை நாளடைவில் அரசாங்கத்தின் உடைமையாகிவிடும் என்பதே அவ்வாதத்தின் சாரம். பின்னர் நடந்தவற்றை நோக்குமிடத்து, அவ்வச்சம் வீண் என்று சொல்லுதல் அரிது.

சபையிற் கன்னங்கரா ஆற்றிய உரையின் ஒரு பகுதி இன்றும் பரிசளிப்பு விழாக்களில் எடுத்தாளப்படுகின்றது. செங்கல்லாற் கண்ட உரோமாபுரியைச் சலவைக்கல்லாக விட்டுச் சென்றதாக அகஸ்தஸ் மன்னன் பெருமை கொண்டான். விலையுயர்ந்ததாகக் கண்ட கல்வியை மலிவாக்கினோம், செல்வர் முதுசொமாக இருந்ததை வறியோர் உரிமையாக்கினோம் என இச்சபை சொல்லுமாயின் அது அதனினும் பெரிய பெருமையன்றோ என்பது அதன் கருத்து. இவ்வுரைநயம் 1828ஆம் ஆண்டிலே ஆங்கிலப் பாராளுமன்றத்திற் சட்டச் சீர்திருத்தம் பற்றிப் புறூம் என்பார் பேசிய பேச்சிலிருந்து எடுக்கப்பட்டது. புறூம் சட்டத்தைக் குறித்துச் சொன்னதைக் கன்னங்கரா கல்வியின் மேல் ஏற்றினார். இரவல் நகையாயினும் அணிந்தவருக்குப் பொருந்திற்று.

1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 1ஆம் நாள் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசாங்கப் பாடசாலைகளைப் பொறுத்தவரை அது ஒரு கட்டளையால் முடிந்த காரியம். உதவி நன்கொடை பெற்ற தனியார் கலாசாலைகளுக்கோ அது ஒரு தெரிவு. திட்டத்திற் சேர்ந்தால் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கமே செலுத்தும். ஆனால் மாணவரிடம் பள்ளிச் சம்பளம் வாங்குதல் கூடாது.

யாழ்ப்பாணத்துச் சைவக் கலாசாலைகளுக்கு இத்தெரிவு எத்துணைக் கடினமானது என்பதை அவற்றின் பிறப்பை அறிந்தோரே உணர்வர். ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய நாள் முதல், சமயம் மாறாது கல்வி பெறும் வழி ஒன்று வேண்டும் என்பதற்காகவே அவை எழுந்தன. நன்கொடைச் சட்டங்களின் தடையையும் மிஷன் பாடசாலைகளின் போட்டியையும் தாங்கி, ஊரவர் பிடியரிசியாலும் மலாயாவில் உழைத்தோர் அனுப்பிய பணத்தாலும் அவை வளர்ந்தன. 1890ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, 1921ஆம் ஆண்டில் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி, 1923ஆம் ஆண்டிலே தோன்றி இராசரத்தினத்தின் உழைப்பாற் கிராமந்தோறும் பாடசாலை அமைத்த சைவ வித்தியா விருத்திச் சங்கம் என அம்முயற்சி விரிந்தது. இவற்றுள் ஆங்கிலக் கல்லூரிகளுக்கு மாணவர் செலுத்திய சம்பளம் வருவாய் மாத்திரமன்று. தம் காரியத்தைத் தாமே நடத்தும் உரிமைக்கு அது ஒரு பிடிமானமுமாகும்.

ஆயினும், ஏழைச் சைவப் பிள்ளைக்குக் கல்வி கொடுப்பதற்கென எழுந்த கலாசாலை, சம்பளம் இல்லாக் கல்வியை எவ்வாயால் எதிர்க்கும்? பரமேஸ்வராக் கல்லூரி அதிபரும் காங்கேசன்துறைப் பிரதிநிதியுமான சு. நடேசன் கல்வி நிருவாகக் குழுவிற் கன்னங்கராவோடு பணியாற்றி இத்திட்டத்தை ஆதரித்தார். தாய்மொழிக் கல்வியை நெடுநாளாக வலியுறுத்திய ஹன்டி பேரின்பநாயகம் போன்ற வாலிபர் காங்கிரஸ் வழிவந்தோருக்கு அறிக்கையின் மொழிக் கொள்கை தம் கொள்கையே. கட்டணமும் வாங்கி நன்கொடையும் பெறும் இருநிலை 1951ஆம் ஆண்டின் சட்டத்தோடு முடிவுற்றது. பெரும்பாலான கலாசாலைகள் திட்டத்தினுட் சேர்ந்தன. ஒன்பது ஆண்டுகளின் பின், 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கத்தின் கைக்கு மாற்றின. சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் பாடசாலைகளும் அவற்றுள் அடங்கின. இதற்குக் கன்னங்கரா பொறுப்பாளி அல்லர். அவர் அப்பொழுது அரசியலினின்றும் ஓய்ந்திருந்தார். ஆனால் 1945ஆம் ஆண்டிலே திறந்த பாதையின் வழியாகவே 1960ஆம் ஆண்டு வந்தது என்பதும் மறைக்கத்தக்கதன்று.

மொழி பற்றிய விதப்புரையும் அவர் எண்ணியபடியே முற்றும் சென்றதில்லை. 1944ஆம் ஆண்டு மே மாதத்திலே ஜே. ஆர். ஜயவர்தனா சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணையைக் கொணர்ந்தபோது, திருகோணமலை - மட்டக்களப்புப் பிரதிநிதி வ. நல்லையா தமிழையும் உடன்சேர்க்கும் திருத்தத்தை முன்வைத்தார், திருத்தம் ஏற்கப்பட்டது. கன்னங்கராவின் அறிக்கை சிங்களத்தையும் தமிழையும் தத்தம் பிள்ளைகளுக்குரிய தாய்மொழிகளாகச் சமனாகவே நோக்கியது. எல்லாருக்கும் ஆங்கிலம் என்னும் அதன் மறுபாதியோ ஆசிரியர் பற்றாக்குறையாற் கிராமங்களிற் பெயரளவில் நின்றது. தாய்மொழிக் கல்வி மேல் வகுப்புகளுக்கு ஏறிய அதே ஆண்டுகளில், 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் தமிழ் கற்ற பிள்ளையின் உத்தியோக வழியைக் குறுக்கிற்று. ஒரு கையாற் கொடுத்ததை மறு கையாற் பறித்த செயல் அது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலிற் கன்னங்கரா மத்துகமைத் தொகுதியிலே நின்று வில்மட் ஏ. பெரேராவிடம் தோற்றார். வென்றவரும் கல்வித் தொண்டரே. ஹொரணையிலே 1934ஆம் ஆண்டு இரவீந்திரநாத தாகூர் அடிக்கல் நாட்டிய ஸ்ரீபாலி நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். இலவசக் கல்வியால் நயம் பெறவிருந்த பிள்ளைகள் வாக்குரிமை பெறும் வயதினர் அல்லர். அதனாற் பகை கொண்டோரோ செல்வாக்கும் வாக்கும் உடையோர். தோல்விக்குத் தொகுதிக் காரணங்கள் வேறும் இருந்திருக்கலாம். எனினும் இக்கணக்கு எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று.

பின்னர் அவர் இந்தோனேசியாவில் இலங்கையின் பிரதிநிதியாகச் சில காலம் பணியாற்றினார். 1952ஆம் ஆண்டில் அகலவத்தைத் தொகுதியில் வென்று மீண்டும் அமைச்சரானார். இம்முறை அவருக்குக் கிடைத்தது உள்ளூராட்சி, கல்வி அன்று. டட்லி சேனாநாயக்கா, சேர் ஜோன் கொத்தலாவலை ஆகியோரின் அமைச்சரவைகளில் 1956ஆம் ஆண்டு வரை அப்பதவியை வகித்து, அத்துடன் அரசியலை விட்டு நீங்கினார். நெடுங்காலம் அமைச்சராயிருந்தும் பொருள் சேர்த்தாரல்லர்; முதுமையில் அரசாங்கத்தின் உதவித்தொகையை நாடவேண்டியவரானார். 1969ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 23ஆம் நாள் காலமானார்.

எஞ்சி நிற்பது அறிக்கையின் மூன்றாம் விதப்புரை. செயன்முறைப் பாடசாலை என்றதும், தம் பிள்ளையை மண்வெட்டிக்கும் உளிக்கும் ஒதுக்கிவிடும் சூழ்ச்சி எனப் பெற்றோர் ஐயுற்றனர். ஐயத்துக்கு இடமும் இருந்தது. வெள்ளைச் சட்டை உத்தியோகத்துக்குரிய மதிப்பு அவ்வாறே இருக்க, தொழிற் பாடசாலைக்கு மாத்திரம் மதிப்பைத் திட்டத்தினால் உண்டாக்குதல் முடியாது. அவ்விதப்புரை வலிமையிழந்தது. கட்டணம் நீங்கிய கல்வி, முன்பு சிலருக்கு உரியதாயிருந்த அதே ஏட்டுக் கல்வியாகவே எல்லாருக்கும் பரவிற்று. படித்த இளைஞரின் தொகை வளர்ந்த வேகத்தில் தொழில்கள் வளரவில்லை. 1971ஆம் ஆண்டிலே தெற்கிற் கிளர்ந்தெழுந்த இளைஞருட் பெரும்பாலார் சுயபாஷையிற் கற்ற கிராமத்துப் பிள்ளைகள். அடுத்த ஆண்டிலே கல்விச் சீர்திருத்தம் தொழின்முன் கல்வி என்னும் பாடத்தை எல்லாப் பாடசாலைகளிலும் புகுத்திற்று. 1977ஆம் ஆண்டு அரசாங்கம் மாறியதும் அது கைவிடப்பட்டது. மத்திய மகா வித்தியாலயங்களோ தம் வழியே வளர்ந்தன. மட்டக்களப்பிலே 1981ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது, அதற்கு இடமளித்தது வந்தாறுமூலைக் கல்லூரி வளவே.